ஆரஞ்சு வயிற்றைக் காண வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் ஃபைட்டர் மீன் குஞ்சுகள் பிழைத்துவிட்டன. இரண்டு மாதம் ஆகிறது. நேற்று எண்ணினேன், 43. மறுபடி எண்ணினால் 41 வருகிறது; ஓடிக்கொண்டே இருப்பதை எண்ணுவது லேசில்லை. இதற்கு முன் இரண்டு முறை, பொரித்த குஞ்சுகள் அத்தனையையும் முதல் வாரத்திலேயே பறிகொடுத்தவன் நான். இந்த முறை பிழைத்தது என் சாமர்த்தியத்தால் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்த மடல். பெயர்களை எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில், அந்த அண்ணனுக்கு. வேகவைத்த மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றி நான் தண்ணீரைக் கெடுத்துக்கொண்டிருந்த நாட்களில், "இந்தக் குஞ்சுக்குக் கண் முன்னால் ஏதாவது துடிக்கணும்ப்பா, சும்மா கிடக்கிறதை அது சாப்பாடாவே நினைக்காது" என்று சொன்னவர் அவர்தான். அப்படித் துடிக்கும் இரைக்கு ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலை முட்டையிலிருந்து பொரிக்கும் பக்குவத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடிப்பக்கம் வெட்டிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, கழுத்து வரை இறக்கிய ஏர் டியூப். டியூப் நுனியில் மாட்டும் காற்றுக்கல் வேண்டாம், அதன் பொடிக் குமிழி நுரை கட்டி முட்டைகளை மேலே ஒட்டவைத்துவிடும் என்றார். கேட்டேனா? காற்றுக்கல் போட்டுத்தான் ஆரம்பித்தேன். பாதி முட்டை நீர்மட்டத்துக்கு மேலே பாட்டில் சுவரில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

மீதிப் பாதியும் பொரிக்கவில்லை. 24 மணி நேரம், 36 மணி நேரம், 48. காபித் தூள் கரைத்தது போல ஒரு பழுப்புத் தண்ணீர்தான் சுழன்றுகொண்டிருந்தது. நான் வாங்கிய பொட்டலத்தில் தேதியும் இல்லை, எங்கே எடுத்த முட்டை என்ற விவரமும் இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, உங்கள் உப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். நானும் அதை நம்பி மூன்று வகை உப்பு மாற்றினேன்.

இங்கேதான் மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் டீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் தன் டப்பாவிலிருந்து கால் தேக்கரண்டி முட்டை கொடுத்தார். அதை ஒரு பாட்டிலிலும் என் பொட்டலத்து முட்டையை இன்னொன்றிலும் போட்டு, ஒரே தண்ணீர், ஒரே உப்பு என்று வைத்துப் பார்க்கச் சொன்னது டீச்சர். காய்ந்த முட்டை லென்ஸுக்குக் கீழே காற்றுப் போன பந்து போல ஒரு பக்கம் குழிந்து கிடந்தது. தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறியதும் குழி நிமிர்ந்து உருண்டையாகிவிட்டது. இரண்டு வகையும் உருண்டன. மறுநாள் பார்த்தால் அண்ணன் கொடுத்ததில் ஓடு வெடித்து, மெல்லிய பைக்குள் ஓர் ஆரஞ்சு உயிர் ஓட்டுக்கு அடியில் குடை பிடித்தது போலத் தொங்குகிறது. என்னுடையது அப்படியே உருண்டையாகக் கிடந்தது. முட்டை பழசு, ஈரம் பட்டது, அவ்வளவுதான். உப்பின் மேல் இருந்த பழி அன்றோடு போயிற்று. மீன் குஞ்சுக்கு இதை இரையாகக் கொடுக்கலாம் என்று 1930களிலேயே ஆல்வின் சீல், ரோல்லெஃப்சன் என்ற இருவர் எழுதிவிட்டார்கள் என்பதும் டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் நல்ல முட்டையும் பாதிதான் பொரித்தது. காரணத்தைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுத் தம்பி, ஏழாம் வகுப்பு. "இதை ஏன் அலமாரிக்குள்ள இருட்டுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். முளைகட்டும் பயறு போல இருட்டில் இருந்தால் நல்லது என்று நானாக நினைத்திருந்தேன். இந்த முட்டைக்கு, முக்கியமாக ஊறிய முதல் சில மணி நேரம், நல்ல வெளிச்சம் வேண்டுமாம். தன் மேசை விளக்கையே கொண்டுவந்து வைத்தான். பழைய குண்டு பல்பு. அதன் சூட்டில் தண்ணீர் 27 டிகிரிக்கும் வந்துவிட்டது. விளக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது தம்பி, இந்த வாரம் தந்துவிடுகிறேன்.

ஓட்டைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்த அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. காலி ஓடு குஞ்சு வயிற்றுக்குப் போனால் செரிக்காது, அடைத்துக்கொள்ளும். காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இரு என்றார். ஓடு மேலே மிதக்கும், பொரிக்காதது அடியில் படியும். கழுத்துக்குச் சற்று மேலே டார்ச் அடித்தால் உயிருள்ளவை எல்லாம் வெளிச்சத்தை நோக்கி வந்து ஆரஞ்சு மேகம் போலக் கூடும். அந்த மேகத்தை மட்டும் டியூபால் உறிஞ்சி, கைக்குட்டையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி விட வேண்டும். முதல் நாள் வாயால் உறிஞ்சியதில் ஒரு மடக்கு உப்புத் தண்ணீரும் சில நூறு இறால்களும் எனக்குள் போயின. அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பொரித்ததை அழகு பார்த்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்ததற்கு அண்ணன் திட்டியதும் நன்றிக் கணக்கில்தான் சேரும். பொரித்த சில மணி நேரம் வரைதான் கரு ஊட்டம் முழுசாக இருக்கும், அப்புறம் குறைந்துகொண்டே போகும். உடனே கொடு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வை, அதுவும் ஒரு நாளைக்கு மேல் வேண்டாம் என்றார்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறேன். ஏர் பம்பு சத்தத்தில் தூக்கமே இல்லை என்று பத்து நாள் புலம்பினார். பதினோராம் நாள் நள்ளிரவில் பிளக் தளர்ந்து பம்பு நின்றபோது, சத்தம் நின்றதாலேயே விழித்து, போய்ச் சரியாகச் செருகிவிட்டு வந்து படுத்தவரும் அவர்தான். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை சொட்டு மருந்துக் குழாயில் கொஞ்சம் எடுத்துக் குஞ்சுகள் நடுவே விட்டேன். கண்ணிமை முடி அளவுதான் இருந்தது ஒவ்வொரு குஞ்சும். ஒன்று உடம்பை வில்லாக வளைத்தது, அசையாமல் நின்றது, சட்டென்று பாய்ந்தது. ஆரஞ்சுப் புள்ளி காணவில்லை. கால் மணி நேரத்தில் தொட்டி முழுக்க ஆரஞ்சு வயிறுகள்.

இப்போது ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரிக்க ஆரம்பித்துவிட்டன, பிரித்து வைக்க வேண்டும். வாய் அகன்ற காலிக் கண்ணாடி ஜாடி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். மீனோடு திருப்பித் தருகிறேன்.