கான் எதுக்கு சார் மறுபடியும் வந்தான்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ்ல ஹாலிவுட் ரீபூட் படங்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், மத்ததெல்லாம் சரிதான், ஆனா பழைய அமெரிக்க விண்வெளி டிவி தொடர் ஸ்டார் ட்ரெக்க புதுசா படமா எடுத்தத மட்டும் ‘வெற்றிகரமான மறுதொடக்கம்’னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் பொறுக்கல. தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை போட்ட காலத்துல இருந்து பாக்குற ஆளு நான். அப்ப இங்கிலீஷ் பாதி புரியாது, ஆனா கேப்டன் கிர்க்கோட விண்கப்பல்ல கூடவே இருக்குற வேற்றுகிரக ஆளு ஸ்பாக் ஒரு புருவத்த தூக்குனா என்ன சொல்றாருன்னு புரிஞ்சிடும்.

நல்லத முதல்ல சொல்லிடுறேன். 2009ல ஜே.ஜே. ஆப்ராம்ஸ் எடுத்த படத்துல ஒரு வேலை பண்ணாங்களே, அது கில்லாடித்தனம். எதிர்காலத்துல இருந்து நீரோன்னு ஒரு ரோமுலன் (அது ஒரு வேற்றுகிரக இனம்) பின்னாடி வந்து கிர்க்கோட அப்பா இருந்த கப்பல அடிக்கிறான், அந்த நிமிஷத்துல இருந்து டைம்லைன் வேற பக்கம் திரும்பிடுது. அதாவது 1966ல ஆரம்பிச்சு நாங்க பாத்த எதையும் அழிக்கல, அது பாட்டுக்கு பத்திரமா இருக்கு, இது தனிக்கதை. பழைய தொடர்ல ஸ்பாக்கா நடிச்ச லெனார்ட் நிமாயையே வயசான ஸ்பாக்கா கூட்டிட்டு வந்து அதுக்கு கையெழுத்தும் வாங்கிட்டாங்க. நடுவுல ஸ்பாக்கோட சொந்த ஊரான வல்கன் கிரகத்தையே காலி பண்ணப்போ நான் சீட்ல நிமிர்ந்து உக்காந்துட்டேன், சரி இனிமே எது வேணா நடக்கலாம் போலன்னு. கார்ல் அர்பன் பண்ண கப்பல் டாக்டர் மெக்காய பாத்தா பழைய தொடர்ல அந்த வேஷம் போட்ட டிஃபாரஸ்ட் கெல்லியே எந்திரிச்சு வந்த மாதிரி இருந்துச்சு. இன்னும் ட்ரெய்னிங்கே முடிக்காத பையன் கிர்க்க கடைசில கேப்டனாக்குனத கூட மன்னிச்சு விட்டுட்டேன். (ஸ்க்ரீன் பூரா அடிச்ச அந்த லைட்ட மன்னிக்கல, கண்ணு வலி.)

இவ்ளோ பாடுபட்டு புதுக்கதை சொல்ல வழிய திறந்துட்டு, 2013ல என்ன பண்ணாங்க? திரும்பவும் பழைய வில்லன் கான்! பெனடிக்ட் கம்பர்பேட்ச் யாருன்னு கேட்டா ஜான் ஹாரிசன்னு படம் வர்ற வரைக்கும் மழுப்புனாங்க, உள்ள போய் பாத்தா கான் நூனியன் சிங். பழைய தொடர்ல கான் வந்த 1967 எபிசோட்ல இந்த ஆளு வட இந்தியா பக்கம், அநேகமா சீக்கியரா இருப்பாருன்னு வசனமே வரும். அன்னைக்கு நடிச்ச ரிக்கார்டோ மான்டல்பன் மெக்சிகோகாரர், அதுவே சரியில்லதான், ஆனா அது அறுபதுகள்ல நடந்தது. 2013ல வெள்ளைக்கார இங்கிலாந்து நடிகர கூட்டிட்டு வந்து சிங்னு பேர் வச்சா நம்ம ஊர் ரசிகனுக்கு எப்படி சார் இருக்கும்?

அதவிட கொடுமை க்ளைமாக்ஸ். பழைய டீம் நடிச்சு கான் வில்லனா வந்த 1982 படத்துல கப்பல காப்பாத்த ரேடியேஷன்ல போய் ஸ்பாக் சாவாரு, கண்ணாடிக்கு இந்த பக்கம் கிர்க் நிப்பாரு. அத அப்படியே திருப்பி போட்டு கிர்க்க உள்ள அனுப்புனாங்க, ஸ்பாக் ‘கான்’னு கத்துறாரு. பழைய படத்துல அந்த சாவு வலிச்சதுக்கு காரணம் பல வருஷ பழக்கம், அவங்களுக்கும் நமக்கும். இங்க ரெண்டு பேரும் பழகி கொஞ்ச நாள்தான் ஆகுது, அதுக்குள்ள என்ன அழுகை? அதுவும் கொஞ்ச நேரம்தான், கானோட ரத்தத்த ஏத்துனதும் கிர்க் எந்திரிச்சிட்டாரு. அப்ப இனிமே ஸ்டார் ட்ரெக்ல யாருக்கும் சாவே கிடையாதா? அடுத்த படத்துல அந்த ரத்தத்த பத்தி மூச்சே இல்ல.

எனக்கு கோவம் படம் மோசம்ங்கறதுக்காக இல்ல, வேகமா போற படம்தான், என் பையனுக்கு பிடிச்சிருந்துச்சு. புதுசா சொல்ல எல்லா சுதந்திரமும் கைல இருந்தும் பழசுலயே கை வச்சாங்களேங்கறதுதான்.

மூணாவது படத்துல, 2016ல, ஜஸ்டின் லின் வந்து ஓரளவு சரி பண்ணாரு. கப்பல் இன்ஜினியர் ஸ்காட்டியா நடிச்ச சைமன் பெக்கே ஸ்க்ரிப்ட் எழுதுனதுல ஒருத்தர், அந்த பாசம் தெரியும். அடிபட்டு கிடக்குற ஸ்பாக்கும் மெக்காயும் ஒரு கிரகத்துல மாட்டிக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் வாரிக்கிட்டே போற சீன் ஒன்னு போதும், அதான் சார் ஸ்டார் ட்ரெக், குண்டு வெடிக்கிறது இல்ல. ஆனா வசூல் கம்மியாயிடுச்சு, உங்க கட்டுரைல கூட அதுக்கு இடம் இல்ல. அதே டீம வச்சு நாலாவது படம்னு அப்பவே அறிவிச்சாங்க, இன்னும் வந்தபாடில்ல. வந்தா திட்டிக்கிட்டே முதல் நாள் போவேன், அதுல கான் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன், திருநெல்வேலி