பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

கதைத் திருட்டு வழக்கு என்றாலும் 'காப்புரிமை', புது மருந்துக் கண்டுபிடிப்பு என்றாலும் 'காப்புரிமை' என்று செய்திகளில் எழுதிவருகிறார்கள். இந்தக் குழப்பம் சட்டம் படிக்கும் மாணவர்களின் விடைத்தாளிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்டுபிடிப்புக்கான காப்புரிமையை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். ஆயுள் பொதுவாக விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. கதை, பாட்டு போன்ற படைப்புகளுக்கான பதிப்புரிமைக்கு விண்ணப்பம் தேவையில்லை. பதிவு முதலான சடங்குகளை, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1908 திருத்தத்திலேயே நீக்கிவிட்டது. (வழக்குத் தொடுக்கும் முன் பதிவு கேட்கும் நாடும் உண்டு, அது நடைமுறை, உரிமையின் பிறப்பு அல்ல.) "பதிவு செய்யவில்லை, ஆகவே உரிமை இல்லை" என்று எழுதுபவர் முதல் வரியிலேயே மதிப்பெண்ணை இழக்கிறார்.

அதைவிடப் பெரிய தவறு, வினாவில் 'நகலெடுத்தார்' என்று கண்டதுமே, அனுமதியின்றிப் பயன்படுத்தச் சட்டம் தரும் விதிவிலக்குகளுக்குத் தாவுவது. முதலில், பாதுகாப்புக்குரிய படைப்பு இருக்கிறதா? எடுக்கப்பட்டது அதன் வெளிப்பாடா, வெறும் கருத்தோ தகவலோ? உரிமை யாரிடம்? எடுத்த பகுதி கணிசமானதா? இவை முடிந்த பிறகுதான் விதிவிலக்கு. அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவின் 'நியாயப் பயன்பாடு' நான்கு காரணிகளை எடைபோடும் திறந்த சோதனை. பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளின் 'நியாயக் கையாளல்' சட்டம் சொன்ன நோக்கங்களுக்கு மட்டுமே. முன்னதை மனப்பாடம் செய்து பின்னதில் ஒட்டுவது செல்லாது.

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1991 ஃபைஸ்ட் தீர்ப்பைவிட நல்ல பாடம் இல்லை. ஒரு தொலைபேசி நிறுவனம், தன் தொலைபேசி விவரத் தொகுப்பை யாராவது நகலெடுத்தால் பிடிபடட்டும் என்று அதில் பொய்யான பதிவுகளைச் செருகி வைத்திருந்தது. எதிராளியான ஃபைஸ்ட் நிறுவனத்தின் தொகுப்பில் 1,309 பதிவுகள் அச்சுஅசலாக ஒத்துப்போயின. அவற்றில் நான்கு அந்தப் பொய்ப் பதிவுகள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனாலும் வழக்கு தோற்றது! பெயர், ஊர், எண் ஆகியவை தகவல்கள். அகரவரிசையில் அடுக்குவதில் படைப்புத்திறன் எதுவும் இல்லை.

இங்கேதான் சட்டத்தின் பின்னால் இருக்கும் கொள்கை தலைகாட்டுகிறது. பதிப்புரிமை உழைப்புக்குக் கூலியா, படைப்புக்கு ஊக்கமா? 1916-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கணித வினாத்தாள்கள் பற்றிய வழக்கில், பிறரைப் பார்த்து எழுதாமல் சொந்தத் திறனும் உழைப்பும் செலவிட்டாலே போதும் என்றார் ஆங்கிலேய நீதிபதி. ஃபைஸ்ட் தீர்ப்பு அந்த உழைப்பு வாதத்தை நிராகரித்தது. கனடா 2004-லும் இந்தியா 2007-லும் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவுகோலை வகுத்தன. இந்த நான்கையும் அருகருகே வைத்து வாசித்தவருக்குக் 'கொள்கையை விவாதிக்க' என்ற வினா வந்தால் கை நடுங்காது. கொள்கையைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் தூவும் மசாலாவாக நினைப்பவர்களோ பொதுப்படையாக எழுதி நழுவுகிறார்கள்.

காலவரையறை இன்னொரு நல்ல உரைகல். 1710-இல் பிரிட்டனின் ஆன் அரசி சட்டம் புதிய நூலுக்குக் கொடுத்தது 14 ஆண்டு. முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14. இன்றைய கணக்கு ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து ஓடுகிறது. 1950-இல் நூல் வெளியிட்டவர் 1990-இல் இறந்தார் என்று கொள்வோம். மரணத்துக்குப் பின் 50 ஆண்டு தரும் நாட்டில் உரிமை 2040 டிசம்பர் 31 வரை. இந்தியாவில் (60 ஆண்டு) 2050, 70 ஆண்டு தரும் நாட்டில் 2060. வெளியான ஆண்டிலிருந்தோ இறந்த தேதியிலிருந்தோ எண்ணுவது வழக்கமான பிழை.

எண்ணி முடித்ததும் கேட்க வேண்டியது: இருக்கும் படைப்புகளுக்கும் காலத்தை நீட்டினால், இறந்துபோனவருக்கு அது என்ன ஊக்கம்? அமெரிக்கா 1998-இல் 20 ஆண்டு நீட்டியதை எதிர்த்த வழக்கில், நோபல் பரிசு பெற்ற ஐவர் உட்பட 17 பொருளியலாளர்கள் இதே வாதத்தை எழுத்துமூலம் வைத்தார்கள். 2003-இல் நீதிமன்றம் நீட்டிப்பைச் செல்லும் என்றது: அது விவேகமான கொள்கையா என்று பார்ப்பது தன் வேலை அல்ல என்று. நீதிமன்றம் ஒதுக்கிவைத்த அந்தக் கேள்வியைத்தான் வகுப்பறை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
பதிப்புரிமைச் சட்டம் பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவர்