ஆண்டறிக்கை 2023–24: உடல் முடிந்தது, கயிறு பாக்கி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான, மாதிரிக் கப்பல்கள் கட்டும் நம் கழகத்தின் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு அறிக்கை நீண்டுவிட்டது, அதனால் வடை ஆறிவிட்டது என்று குறை சொன்னார்கள். இந்த ஆண்டு வடையை முதலிலேயே கொடுத்துவிட்டோம். ஆகவே நீளத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினர்கள் 23 பேர். மூவர் வேலை மாற்றலாகி வெளியூர் போனார்கள், ஐவர் புதிதாகச் சேர்ந்தார்கள், இப்போது 25 பேர். இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் கூடுவது என்ற வழக்கப்படி 24 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தவை 21. ஒன்று தலைவர் வீட்டுத் திருமணத்துக்காக நின்றது. மற்ற இரண்டும் ஏன் நின்றன என்பது தூத்துக்குடியில் இருக்கும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கழகம் தொடங்கிய நாள் முதல் நம் உறுப்பினர்கள் கட்டிய கப்பல் உடல்கள் 14. அவற்றில் பாய்மரம், பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டையான பருமல், கயிறு எல்லாம் கட்டி முடிக்கப்பட்டவை மூன்று. மீதிப் பதினொன்றும் பீரோ மேலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கின்றன. அடிக்கட்டையான ஏரா வைப்போம், விலா எலும்பு போன்ற வங்கு நிறுத்துவோம், பலகை ஒட்டுவோம், வழவழவென்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம், படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவோம். கயிறு என்றதும் கண் வலி வந்துவிடும். இதில் செயலாளரும் விலக்கல்ல. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் சென்ற பொதுக்குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரே கப்பலைக் கட்டுவது என்று தீர்மானித்தோம். தேர்ந்தெடுத்தது 'திரிகோணமலை'. பிரிட்டிஷ் கடற்படைக்காக பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி, 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கிய போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இதற்கு அனுப்பப்பட்ட முதல் வரைபடங்கள் 'ஜாவா' என்ற கப்பலில் வந்தன. 1812 டிசம்பரில் பிரேசில் கடலோரத்தில் அமெரிக்கர்களின் 'கான்ஸ்டிட்யூஷன்' அந்தக் கப்பலை வீழ்த்தியது. வரைபடமும் போயிற்று. மறுபடி ஒரு பிரதி எடுத்து அனுப்பினார்கள்.

நம் வரைபடத்துக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. நகலெடுக்கும் கடையில் பெரிதாக்கியபோது இயந்திரம் நீளவாக்கில் ஒரு விழுக்காடு இழுத்துவிட்டது. ஒரு விழுக்காடுதானே என்று விட்டுவிட்டோம். 96இல் ஒரு பங்கு அளவில் பீரங்கித் தளத்தின் நீளம் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். தளத்தை அறுத்து வைத்துப் பார்த்தால் உடலைவிட ஐந்து மில்லிமீட்டர் நீளம்! பின்முனையான அமரத்துக்கு வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இனி எந்த நகலாக இருந்தாலும் முதலில் அதிலுள்ள அளவுகோலின் மேல் நம் ஸ்கேலை வைத்துப் பார்த்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

மரத்தைப் பற்றி ஏப்ரல், மே இரண்டு மாதமும் சண்டை. உண்மைக் கப்பல் தேக்கு, ஆகவே மாதிரியும் தேக்கில்தான் இருக்க வேண்டும் என்று பொருளாளர் பிடிவாதமாக நின்றார். மர டிப்போவிலிருந்து நல்ல துண்டுகளும் கொண்டுவந்தார். ஒரு பக்கம் நான்கு பலகை ஒட்டிப் பார்த்தோம். தேக்கின் ரேகைகள் அந்தச் சிறிய பலகையில் ஆற்றுப்படுகை போலத் தெரிந்தன. கப்பலைச் சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. கடைசியில் கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் பொம்மை கடையும் வெட்பாலை மரத்துக்கு மாறினோம். தந்தம் போல வெள்ளை, ரேகை கண்ணுக்கே தெரியாது, உளிக்குச் சொன்னபடி கேட்கும். மஞ்சள் கலந்த பழுப்புச் சாயம் ஒரு பூச்சு கொடுத்ததும் தேக்கைவிடத் தேக்காகத் தெரிந்தது. பொருளாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய துண்டுகளில் கப்பல் நிற்கும் தாங்கியைச் செய்திருக்கிறோம்.

ஆகஸ்டில் உடல் முடிந்தது. செப்டம்பரில் மூன்று பாய்மரமும் நின்றன. கயிறும் கட்டத் தொடங்கினோம். தையல் மெஷின் மோட்டார் ஒன்றை வைத்துக் கயிறு திரிக்கும் கருவி செய்தேன். மூன்று இழையை மாட்டி முறுக்கினால் ஐந்து நிமிடத்தில் ஒன்றரை மீட்டர் கயிறு. பார்க்க நிஜக் கயிறு போலவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அக்டோபரில் ஒரு பள்ளியில் மூன்று நாள் கண்காட்சி வைத்தோம். இரண்டாம் நாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெகுநேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சார், இதில் எந்தக் கயிற்றை இழுத்தால் இந்தப் பாய் மேலே போகும்?” நான் ஒரு கயிற்றைக் காட்டினேன். அவள் விரலால் அதைத் தொடர்ந்து போனாள். அது பருமலைச் சுற்றி வந்து, எங்குமே போகாமல், பசை வைத்து ஒட்டிய ஒரு முடிச்சில் முடிந்தது. “இது ஒட்டியிருக்கிறதே” என்றாள். அப்போது தலைவரும் பக்கத்தில்தான் இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அதன் விளைவாகத்தான் நவம்பரில், தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, நாற்பது வருடம் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடி ஓய்வுபெற்ற அண்ணாச்சியை அழைத்து வந்தோம். மனிதர் கப்பலின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெரும் பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிற்றை நகத்தால் வருடினார்.

“முறுக்கு மாறியிருக்கிறதே, தம்பி. பாய்மரத்துக்கு வலது முறுக்குக் கயிறு. நீங்கள் கட்டியிருப்பது நங்கூர ஆலாத்துக் கயிறு மாதிரி இடது முறுக்கு.”

லென்ஸை வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் வலது பக்கமாக ஏற வேண்டும். நம்முடையவை இடது பக்கமாக ஏறின. கடையில் வாங்கும் தையல் நூல் ஏற்கெனவே வலப்பக்கம் முறுக்கியது. அதை மூன்றாகச் சேர்த்துத் திரித்தால் கயிறு இடப்பக்கம்தான் விழும். வலது முறுக்கு வேண்டுமென்றால் முதலில் இரண்டிரண்டு நூலை இடப்பக்கம் திரித்துப் புரியாக்கி, அப்படிப்பட்ட மூன்று புரிகளை வலப்பக்கம் திரிக்க வேண்டும். வேலை இரட்டிப்பு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கயிற்றில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்டார்கள். பார்த்தவர் எதிரிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பில் 9க்கு 8 என்று அவிழ்ப்பது முடிவாயிற்று. கயிறு திரித்தவன் நான் என்பதால் நான் வாக்களிக்கவில்லை.

அன்று அவர் கற்றுத் தந்தது நிறைய. ஒவ்வொரு இழுகயிறும் கப்பியில் நுழைந்து, தளத்தில் தனக்கென்று உள்ள முளையில் வந்து கட்டப்பட வேண்டும். இருட்டில் கை போகும் இடம் அது. அசையாமல் நிற்கும் கயிறுகள் தார் பூசியவை, ஆகவே கறுப்பு. ஓடும் கயிறுகளுக்குக் கோரை நிறம். இரண்டையும் ஒரே கறுப்பில் கட்டியிருந்த நம் பழைய மாதிரி ஒன்றைப் பார்த்து, “இது துக்க வீட்டுக் கப்பலா?” என்றார். அதைக் கட்டியவர் இன்று வரவில்லை என்பதால் சொல்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்துக்குள் முன்மரமும் பெரும் பாய்மரமும் புதுக் கயிற்றில் நின்றன. டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம் நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. மனித இழப்புகளுக்கு முன்னால் நம் நஷ்டம் பேசத் தகாதது. உறுப்பினர்கள் நால்வரின் வீடுகளில் வாழ்நாள் சேமிப்பான பொருள்கள் போயின. கழகம் தன்னால் ஆனதைச் செய்தது. அதன் விவரத்தை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

பொருளாளர் வீட்டு முன்னறையில்தான் நம் பட்டறை. கப்பல் கீழ்த்தட்டில் இருந்தது. நான்காம் நாள் கதவைத் திறந்தபோது முழங்கால் தண்ணீரில் அது பக்கவாட்டில் படுத்து மிதந்துகொண்டிருந்தது. அடியில் பாரம் வைக்காத கப்பல் அப்படித்தான் படுக்கும். “பரவாயில்லை, மிதக்கிறது” என்று பொருளாளர் சொன்னார். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இடப்பக்கம் மூன்று வரிசைப் பலகை விட்டுப்போயிருந்தது. சாதாரண வெள்ளைப் பசையின் குணம் அது, தண்ணீரில் ஊறினால் பாலாகிவிடும். பெரிய சேதம் கயிற்றில். பருத்தி நூல் நனைந்தால் பருத்து, நீளத்தில் சுருங்கும். இறுக்கிக் கட்டியிருந்த கயிறுகள் சுருங்கி, முன்மரத்தின் மேல்துண்டை வில்லாக வளைத்துவிட்டன. பெரும் பாய்மரத்தில் மூன்று துளை போட்ட உருண்டைக் கட்டைகள் நான்கு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. அண்ணாச்சியிடம் சொன்னபோது, “மழை வருகிறதென்றால் தோணியில் முதலில் கயிற்றைத் தளர்த்திவிடுவோம், உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?” என்றார்.

இரண்டு வாரம் நிழலில் உலர்த்தினோம். பலகைகளைத் தண்ணீர் புகாத பசையில் மறுபடி ஒட்டினோம். ஜனவரி நான்காம் ஞாயிறு மூன்றாம் முறையாகக் கயிறு கட்டத் தொடங்கினோம், இம்முறை பாலியெஸ்டர் நூலில். பருத்தியின் மென்மை இதற்கு இல்லை, பிசிறும் இல்லை, நனைந்தாலும் சுருங்காது. தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தால் பளபளப்பு அடங்கிவிடுகிறது.

பாய்மரத்தில் ஏறும் கயிற்றேணிதான் பொறுமையின் எல்லை. உண்மைக் கப்பலில் படிக்குப் படி ஏறக்குறைய 13 அங்குலம். நம் அளவில் அது மூன்றரை மில்லிமீட்டர். பெரும் பாய்மரத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் முந்நூறுக்கு மேல் முடிச்சு. கயிறுகளுக்குப் பின்னால் கோடு போட்ட தாள் ஒன்றைச் செருகிவிட்டு, கோட்டின்மேல் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரத்துக் கயிற்றை இழுத்துவிட்டால் ஏணி நடுவில் இடுப்பு ஒடுங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த தையற்கடை நண்பருக்கு இந்தக் கை வாய்த்திருக்கிறது. நாங்கள் ஒரு படி கட்டும் நேரத்தில் அவர் நான்கு கட்டுகிறார், பேசிக்கொண்டே.

மனம் சலித்தவர்கள் 'யூனிகார்ன்' கப்பலை உதாரணம் காட்டுகிறார்கள். திரிகோணமலையின் அதே வகைதான் அதுவும். 1824இல் கட்டி, பாய்மரம் ஏற்றாமல் கூரை போட்டு நிறுத்தி வைத்தார்கள். இன்றும் ஸ்காட்லாந்தின் டண்டீயில் அப்படியே இருக்கிறது. நம் பதினோரு உடல்களுக்கும் கூரை போட்டு 'யூனிகார்ன்' என்று பெயர் வைத்துவிடலாம் என்று ஒரு கடிதம் வந்தது. செயற்குழு அதை ஏற்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வெளிநாட்டிலிருந்து ஓர் உறுப்பினர் வரவழைத்த பெட்டிக்குச் சுங்க வரி எவ்வளவு என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

வரும் ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி', 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். ஓர் அமெரிக்கர் வாங்கி 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அட்லாண்டிக் கடந்து செலுத்திப்போய், 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். 48இல் ஒரு பங்கு அளவில் 56 சென்டிமீட்டர் வரும். இதைக் கட்ட எல்லோருக்கும் ஆசை. செயலாளரின் நிபந்தனை ஒன்றே: அதற்கு ஏரா வைக்கும் முன், அவரவர் வீட்டுப் பீரோ மேல் இருக்கும் உடல்களில் நான்குக்காவது கயிறு ஏற வேண்டும். என்னுடையதைத் தை மாதமே கீழே இறக்கிவிட்டேன். தூசி தட்டியிருக்கிறேன்.

திரிகோணமலையில் பெரும் பாய்மரமும் பின்மரமும் முடிந்தன. முன்மரத்தின் இடப்பக்க ஏணியில் பதினொரு படி பாக்கி. வரும் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு வேலை தொடரும். பட்டறை இப்போது பொருளாளர் வீட்டு மாடியில். வருகிறவர்கள் தேன்மெழுகும் சொந்த லென்ஸும் கொண்டுவரவும். கழக லென்ஸ் வெள்ளத்தில் போய்விட்டது.

இப்படிக்கு,
செயலாளர்