காலையில் மண்டியிட்டுக் கிடந்த கார்

அன்புள்ள செல்வம்,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து படியேறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் கடைசிப் பத்தியில், யாரோ நான்கு வருடம் ஓட்டிய சொகுசு காரைப் பாதி விலைக்குத் தருகிறார், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய் பார், அன்றைக்கு எனக்குத் தூக்கம் போயிற்று.

என்னிடம் இருப்பதும் அதே ரகம்தான். இரண்டு வருடமாக அதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. வாக்கிங் நண்பர்களிடம் சொன்னால், "இந்தக் கஷ்டமெல்லாம் எங்களுக்கு வரக்கூடாதா?" என்று சிரிப்பார்கள். வீட்டில் சொன்னால், "யார் வாங்கச் சொன்னது?" மிச்சம் நீ ஒருவன்தான், கேட்டுக்கொள்.

போன மார்கழியில் ஒருநாள் காலை, வாட்ச்மேன் மாடியேறி வந்து, "சார், உங்க வண்டி உக்காந்திருச்சு" என்றார். மாடு படுக்கும்போது முதலில் முன்னங்காலை மடிக்குமே, அந்த மாதிரி இடது முன்பக்கம் இறங்கி, மட்கார்டு டயரின் மேலேயே கவிழ்ந்து கிடந்தது. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. போனது ஸ்பிரிங்கின் காற்று.

இந்த வண்டியில் பட்டை ஸ்பிரிங்கும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. சக்கரத்துக்கு ஒரு ரப்பர்ப் பை. கம்ப்ரஸர் அதில் காற்றடைத்து வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. வெயிலிலும் தூசியிலும் ரப்பர் கிழடு தட்டினால் மடிப்பில் வெடிப்பு விடும். ஓடும்போது கம்ப்ரஸர் ஈடுகட்டிவிடுவதால் கசிவு தெரியாது, ராத்திரி நிறுத்தினால்தான் இறங்கும். ஒரு மாதமாகவே லேசாகச் சாய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் எழுந்து நிற்கிறதே, சரி, பனிக்கு அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். முட்டாள்தனம். ஓயாமல் ஓடியதில் கம்ப்ரஸரும் கருகிப்போனது. பையை மட்டும் மாற்ற மாட்டார்களாம், ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த முழு ஸ்ட்ரட்டையும்தான், அதுவும் இரண்டு பக்கமும். பில் 3 லட்சத்தைத் தாண்டியது. உன் அப்பாவின் அம்பாசடரில் பின்பட்டை உடைந்தபோது பட்டறையில் ஒரே மதியத்தில் மாற்றிக்கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

இது புதுசாக வந்த வியாதியும் இல்லை. 1957இல் காடிலாக் நிறுவனம் எல்டொராடோ புரோம் என்று ஒரு கார் விட்டது. விலை 13,074 டாலர், நான்கு சக்கரத்துக்கும் காற்று ஸ்பிரிங். அதுவும் கசிந்தது. வாங்கியவர்களில் பல பேர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அற்ப சந்தோஷம், அந்தக் காலத்துப் பணக்காரனும் என்னைப் போலத்தான் முழித்திருக்கிறான்.

டயர் கதை இதைவிட மோசம். என் டயரின் அளவு 245/45 ஆர் 19. அகலம் 245 மில்லிமீட்டர், அதில் 45 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். கணக்குப் போட்டால் 11 சென்டிமீட்டர். பள்ளத்துக்கும் அலாய் வீலுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான்.

பேரனுக்குப் புதுக்கோட்டையில் காதுகுத்து. மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் என் பையன், பக்கத்து சீட்டில். பின்சீட்டில் சீர்த்தட்டுகள். பெரம்பலூர் வருவதற்குச் சற்று முன்னால், பாலம் வேலை நடந்த இடத்தில் 'டொம்' என்று ஒரு பள்ளம். டேஷ்போர்டில் டயர் காற்றுக்கான மஞ்சள் விளக்கு. ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃப்ளாட் டயர். காற்றே இல்லாவிட்டாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியே திருச்சி வரை உருட்டினேன். லாரி ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயிற்று. திருச்சியில் டயர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். பக்கச்சுவரில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு வீக்கம். கட்டைவிரலால் அமுக்கிவிட்டு, "உள்ள நூல் அறுந்துருச்சு சார், ஒட்டெல்லாம் போட முடியாது. இந்த சைஸ் சென்னையிலருந்துதான் வரணும்" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, பட்டு வேட்டியும் மடியில் சீர்த்தட்டுமாக அரசு பஸ்ஸில் போய் இறங்கினோம். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

வாரண்டியில் கேட்டேன், அடிபட்ட டயர், கிடையாது என்றார்கள். இன்சூரன்ஸிலோ, டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசி தராது. வண்டியும் கூடவே அடிபட்டிருந்தால்தான், அதுவும் பாதி விலை. டயருக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஒரு 'ஆட்-ஆன்' உண்டு, நான் எடுக்கவில்லை.

வாங்காதே என்று சொல்ல மாட்டேன். நல்ல ரோட்டில் அது மிதக்கிற மிதப்பு இருக்கிறதே, திண்டிவனம் தாண்டியதும் எனக்கு எல்லாக் கோபமும் மறந்துபோகும். ஆனால் பார்க்கப் போகும்போது விடியற்காலையில் போ. யாரும் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடு. நான்கு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா பார். டயரின் உள்ஓரத்தைக் கையால் தடவு, வெளிப்பக்கம் டயரின் பட்டன் நன்றாக இருந்தாலும் உள்ளே தேய்ந்திருக்கும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நான்கு எண்ணையும் படி. 2921 என்றிருந்தால் 2021ஆம் வருடம் 29ஆவது வாரம் செய்த டயர். குனிய உன் முழங்கால் இடம் கொடுக்காது, தம்பி பையனைக் கூட்டிப் போ. பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய், கடிதத்துக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

உன்,
சேகர்