சைக்கிளுக்கும் ஒரு பதிவு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடைக்கானலில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் அது யாருடையது என்று நிரூபிக்க வழியே இல்லை, இதை யாராவது கவனிக்க வேண்டும். பைக்குக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது. சைக்கிள் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே வராது என்பதால் பதிவு என்ற பேச்சே கிடையாது.

எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள், ராத்திரி வாசலில் பூட்டி வைத்தது, காலையில் இல்லை. அவள் அப்பா புகார் கொடுக்கப் போனால் பில் எங்கே, நம்பர் என்ன, என்ன அடையாளம் என்று கேட்டிருக்கிறார்கள். அரசு கொடுத்த வண்டிக்கு பில்லுக்கு அவர் எங்கே போவார்? அடையாளம் சொல்லலாம் என்றால் அதே நிறம், அதே கூடை, பள்ளி ஸ்டாண்டில் வரிசையாக நிற்பதெல்லாம் அதே வண்டிதான். கடைசியில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது, நாளைக்கே ஒரு சைக்கிள் பிடிபட்டாலும் இது இன்னாருடையது என்று அவர்கள் எதை வைத்துச் சொல்வார்கள்?

இத்தனைக்கும் நம்பர் வண்டியிலேயே இருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் சுற்றும் அச்சுக் குழாயின் அடியில் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் அங்கேதான் ஃப்ரேம் நம்பரை அடித்திருப்பார்கள், சிலவற்றில் சீட்டுக்குக் கீழே வரும் குழாயில் இருக்கும். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும் அது மூடிப்போயிருக்கும், கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒரு தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெளிவாக வந்துவிடும். திருடுகிறவன் சீட்டை மாற்றலாம், மட்கார்டைக் கழற்றலாம், பெயின்ட் அடிக்கலாம். இந்த நம்பரை ராவினால் ராவிய தடமே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

இதை ஒரு நோட்டில் ஏற்றி வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். நகராட்சியோ காவல் நிலையமோ, பெயர், போன் நம்பர், ஃப்ரேம் நம்பர் மூன்றையும் எழுதிக்கொண்டு வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் விடுகிறவர்கள் மட்கார்டில் நம்பர் எழுதி நோட்டில் குறித்துத்தானே கொடுக்கிறார்கள். ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, வாங்குகிற கடையிலேயே பதிவு முடிந்து ஸ்டிக்கரோடு வண்டி வெளியே வருகிறது.

பதிவு என்றதும் பெரியவர்கள் பயப்படுவதும் புரிகிறது. சைக்கிளுக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டி, வில்லை இல்லாதவர்களை மடக்கிப் பிடித்த காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். அது மறுபடி வரவே கூடாது. கட்டணம் வேண்டாம், அபராதம் வேண்டாம், விருப்பப்பட்டவர்கள் பதியட்டும். பள்ளிகளில் மட்டும், சைக்கிள் கொடுக்கிற அன்றைக்கே நம்பரைப் பதிந்து பிள்ளை கையில் ஒரு சீட்டாகக் கொடுத்துவிட வேண்டும்.

பூட்டின சைக்கிளிலிருந்து சீட்டையோ சக்கரத்தையோ மட்டும் கழற்றிக்கொண்டு போவதை இந்தப் பதிவு தடுக்காது, அது வேறு தலைவலி. ஆனால் முழு வண்டி போனால் கண்டுபிடிக்க நம் ஊரைவிட வசதியான இடம் குறைவு. மலையிறங்க முக்கியமான வழி இரண்டுதான், ஒன்று வத்தலக்குண்டுக்கு, ஒன்று பழனிக்கு, இரண்டும் பிரிவது பெருமாள்மலையில். நம்பர் தெரிந்திருந்தால் அங்கே ஒரு போன் போட்டுச் சொல்லலாம். பழைய சைக்கிள் வாங்குகிறவர்களும் காசைக் கொடுக்கும் முன் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளலாம், வாங்க ஆள் யோசித்தால் திருடுகிறவனும் யோசிப்பான்.

நகராட்சி இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேச வேண்டும். அதுவரை காத்திருக்காமல், சைக்கிள் வைத்திருக்கிற எல்லோரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியைக் கவிழ்த்து நம்பரைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்