தமிழ் இணைய இதழ்களின் ஆசிரியர்களுக்கு: வாசகரை எண்ண அவரைப் பின்தொடர வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சிறு இதழ்கள் சிலவற்றின் இணையதளங்களைப் பராமரிக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். ஒரு தளம் கைக்கு வந்ததும் அதில் என்னென்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அநேகமாக எல்லாவற்றிலும் கூகுள் அனலிட்டிக்ஸ் இருக்கும், அதாவது தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் கருவி. யார் போட்டது என்று கேட்டால் ஆசிரியருக்குத் தெரியாது. முன்பு தளம் செய்து கொடுத்தவர் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதை எடுத்துவிட்டு வேறு கருவிக்கு மாறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அது எப்படி வேலை செய்கிறது? உங்கள் பக்கம் திறந்ததும் வாசகரின் ப்ரவுசரில் குக்கீ என்கிற சிறு குறிப்பு ஒன்று உட்காருகிறது. அதில் அவருக்கென்று ஓர் எண். வழக்கமான அமைப்பில் அதன் ஆயுள் 2 வருடம். எந்தக் கட்டுரையைத் திறந்தார், எங்கிருந்து வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன ஃபோன் என்பதெல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்து கூகுளின் சர்வருக்குப் போகிறது. பெயர் போவதில்லை, உண்மை. ஆனால் தளத்தில் கூகுள் சிக்னல்ஸ் என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால், தன் கூகுள் கணக்கில் விளம்பர அனுமதி கொடுத்திருக்கும் வாசகரின் வருகை அந்தக் கணக்கோடும் இணைகிறது.

நம் இதழ்களில் வருவதை யோசித்துப் பாருங்கள். மனச்சோர்வு பற்றி, கருக்கலைப்பு பற்றி, சாதி மறுப்பு மணம் பற்றி, திருநர் வாழ்க்கை பற்றி, இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எழுதுகிறோம். வீட்டில் யாரிடமும் பேச முடியாத ஒன்றை ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் நம் பக்கத்தில் வாசிக்கிறார். நம்மை நம்பித்தான் வாசிக்கிறார். அந்த வாசிப்பின் தடத்தை ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுக்கும் உரிமை நமக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த நல்ல நூலகரும் இரவல் பதிவேட்டை வெளியாள் கையில் கொடுக்கமாட்டார்.

இத்தனையும் திரட்டி நாம் பார்ப்பது என்ன? எத்தனை பேர் வந்தார்கள், எதை அதிகம் வாசித்தார்கள், எந்த வழியாக வந்தார்கள். நான் பார்த்த ஆசிரியர்களில் இந்த மூன்றுக்கு மேல் கேட்டவர்கள் மிகக் குறைவு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் வாசகர்களில் பலர் பாரிஸிலும் ஜெர்மனியிலும் நார்வேயிலும் இருக்கிறார்கள். அங்கிருப்பவர்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் தளம் எந்த நாட்டில் இருந்தாலும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (GDPR) அதற்குப் பொருந்தும். ஆஸ்திரியாவின் தனியுரிமைச் செயற்பாட்டாளர் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் நிறுவிய அமைப்பு, ஐரோப்பியர்களின் தரவு அமெரிக்காவுக்குப் போவதை எதிர்த்து 2020 ஆகஸ்டில் 101 புகார்கள் கொடுத்தது. அவற்றைத் தொடர்ந்து 2022இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் தரவுக் காப்பு அமைப்புகள், தங்கள் முன் வந்த வழக்குகளில் கூகுள் அனலிட்டிக்ஸ் வழியாகத் தரவு அமெரிக்காவுக்குப் போனது சட்டத்துக்கு ஒவ்வாது என்று முடிவு சொல்லின. 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புது ஏற்பாடு செய்துகொண்டதால் அந்தச் சிக்கல் தளர்ந்தது. ஆனால் குக்கீக்கு முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. இந்தியாவில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023இல் வந்துவிட்டது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ வாசிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது அது. தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் தமிழ் இதழ்களின் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்தால், எங்கிருந்தோ நகலெடுத்த ஆங்கிலம்தான் பெரும்பாலும் கிடக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சரி, எதற்கு மாறுவது? நான் பரிந்துரைப்பது மட்டோமோ. 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கிய திறமூல மென்பொருள். உங்கள் வேர்ட்பிரஸ் ஓடும் ஹோஸ்டிங்கிலேயே பெரும்பாலும் இதுவும் ஓடும். தரவு உங்கள் சர்வரை விட்டு வெளியே போகாது. ஆனால் நிறுவியதோடு வேலை முடிந்துவிடாது. குக்கீயை நிறுத்துங்கள். ஐபி முகவரியின் (வாசகரின் இணைய இணைப்புக்கான எண்) கடைசி 2 பகுதிகளை மறைக்கச் சொல்லுங்கள். 203.0.113.45 என்பது 203.0.0.0 என்றுதான் பதிவாகும். வாசகர் கும்பகோணமா தஞ்சாவூரா என்பது இதனால் சரியாகத் தெரியாமல் போகலாம், போகட்டும். 6 மாதத்துக்கு முந்தைய தனித்தனி வருகைப் பதிவுகள் தாமாக அழியும்படி வையுங்கள். மாதாந்தர அறிக்கைகள் அப்படியே நிற்கும். சர்வர் வேலையெல்லாம் முடியாது என்பவர்களுக்கு பிளாசிபிள் இருக்கிறது. எஸ்தோனிய நிறுவனம், கட்டணச் சேவை, குக்கீயே கிடையாது.

மாறியதும் எண்ணிக்கை பழையதோடு பொருந்தாது. இதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். குக்கீ இல்லாதபோது ஐபி முகவரி, ஃபோன், ப்ரவுசர் இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும். நம் ஊர் மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஆகவே ஒரே மாதிரி ஃபோன் வைத்திருக்கும் இரண்டு பேர் ஒருவராக எண்ணப்படலாம். நேற்று வந்தவரே இன்றும் வந்தால் இரண்டு பேராகலாம். பக்கப் பார்வைக் கணக்கை இது பாதிக்காது. ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டி, வித்தியாசம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அப்புறம் பழையதை எடுங்கள். எடுக்கும்போது தீமிலும் பிளகினிலும் டேக் மேனேஜரிலும் தேடிப் பாருங்கள், ஏதாவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய அறிக்கைகளை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை எடுப்பதை நிறுத்தியது, 2024இல் பழைய தரவும் போய்விட்டது.

விளம்பர வருமானத்தில் ஓடும் இதழ்களுக்கு இது பாதி வழிதான் என்பது தெரியும். விளம்பர ஸ்கிரிப்ட் தன் பங்குக்குக் குக்கீ வைக்கும். இருந்தாலும் பாதியையாவது நிறுத்தலாம்.

அப்புறம் தனியுரிமைப் பக்கம். மட்டோமோவை மேலே சொன்னபடி அமைத்த, விளம்பரம் இல்லாத தளத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது இது:

“இந்தத் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எதை வாசிக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். அதற்காக உங்கள் ஃபோனிலோ கணினியிலோ குக்கீ எதுவும் வைப்பதில்லை. உங்கள் ஐபி முகவரியின் பாதியை மறைத்த பிறகே பதிவுசெய்கிறோம். இந்தக் கணக்கு எங்கள் சர்வரிலேயே இருக்கிறது, யாருக்கும் கொடுப்பதில்லை. தனித்தனி வருகைப் பதிவுகளை 6 மாதத்தில் அழித்துவிடுகிறோம். எண்ண வேண்டாம் என்றால் கீழே உள்ள பெட்டியில் சொல்லுங்கள்.”

உங்கள் தளத்துக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியும் உங்கள் தளத்தில் உண்மையா என்று மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இதழ்களின் வாசகன்