திரைப்பட இரசிகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், திருகோணமலை நகரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, போதைப்பொருள் கும்பல்களை எதிர்க்கும் பழைய தற்காப்புக் கலைப் படங்களை இவ்வாண்டு திரையிட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் கூடியிருந்து உரையாடினோம். வழமையாக மண்டபம் தந்து வந்தவர்கள், சண்டைப் படங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று கூறிக் கடைசி நேரத்தில் மறுத்தமையால், முதற்காட்சியை உவர்மலையில் அங்கத்தவர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி நடத்த நேர்ந்தது. பிள்ளைகளை நினைத்து எழுந்த அச்சம் என்பதால் அதை மதிக்கிறேன். ஆயினும் நாம் கண்டது வேறு.

முதலில் காட்டியது, புரூஸ் லீ நடித்து 1971இல் ஹொங்கொங்கிலிருந்து வெளிவந்த ‘த பிக் பொஸ்’. பிழைப்புக்காகத் தாய்லாந்து வரும் இளைஞன் ஒருவன் உறவினரோடு ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். தவறி விழுந்து உடைந்த ஐஸ் கட்டிக்குள் போதைப்பொருள் பொதி இருப்பதைக் கண்ட தொழிலாளர் இருவர் அன்றிரவே காணாமற்போகிறார்கள். அவர்களைப் பற்றி விசாரிக்க முதலாளி வீட்டு வாசலுக்குப் போனவர்களும் திரும்பி வராத கட்டத்தில் முற்றத்தில் ஒருவரும் பேசவில்லை. ஏன் என்று இவ்வூராருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படம் முடிந்ததும் திருக்கடலூரிலிருந்து வந்திருந்த மீன்பிடித் தொழிலாளி ஒருவர் எழுந்தார். “ஐஸ் கட்டி ஓரத்தில்தான் கண்ணாடி மாதிரி இருக்கும், நடு எப்பவும் வெள்ளையாய் மங்கிக் கிடக்கும். அதுக்குள்ள எதை வைச்சாலும் வெளியில தெரியாது” என்று, தாம் நாள்தோறும் கையால் தூக்கும் பொருளை வைத்தே அந்தக் கள்ளத்தனத்தை விளக்கினார். அருகிலிருந்த தாயொருவர், தன் மகனின் வயதுப் பிள்ளைகளிடம் ஐஸ் என்றால் இப்போது மீன் பெட்டி நினைவுக்கு வருவதில்லை, அதே பெயரில் புழங்கும் போதைப்பொருள்தான் நினைவுக்கு வருகிறது என்றார். அன்றைய உரையாடல் நள்ளிரவு வரை நீண்டது.

இப்படங்களின் ஈர்ப்பு அடியிலும் உதையிலும் மட்டும் இருப்பதாக நான் கருதவில்லை. சண்டைக்குப் போவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கின் அடையாளமாகக் கழுத்தில் ஒரு பதக்கத்தை அணிந்திருக்கும் அவ்விளைஞன், கண்முன்னே அநியாயம் நடந்தும் நெடுநேரம் கையை ஓங்காமல் நிற்கிறான். அந்தப் பொறுமைதான் பார்ப்பவரின் நெஞ்சைப் பிசைகிறது. பதக்கம் அறுந்த பின் விழும் முதல் அடிக்கு அத்தனை கனம் வருவதும் அதனால்தான். கடைசியில் அவன் வெற்றி வீரனாக ஊர்வலம் போவதில்லை. பொலிசாரிடம் தன்னை ஒப்படைக்கிறான்.

இன்னொரு காரணத்தைக் கிண்ணியாவிலிருந்து வந்த, சீனடி என்னும் நம்மூர்த் தற்காப்புக் கலையைக் கற்பிக்கும் அண்ணாவியார் ஒருவர் கற்றுத் தந்தார். அக்காலப் படங்களில் கமெரா தள்ளி நின்று தலை முதல் பாதம் வரை காட்டுவதால், கையைப் பார்க்காமல் காலைப் பார்க்கும்படி அவர் சொன்னார். அடுத்த காட்சியில் பையன்கள் அனைவரும் பாதங்களையே கவனித்தார்கள்.

1973ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி புரூஸ் லீ இறந்த பின்னர் வெளியான ‘என்டர் த டிராகன்’ படத்தில், அபின் வியாபாரம் நடத்தும் தீவின் தலைவனும் ஷாவோலின் என்னும் சீனப் பௌத்த மடத்தின் தற்காப்புக் கலை மரபில் பயின்றவனே. கலை கற்றவனும் அதை விற்றுவிடலாம் என்று அப்படம் ஒளிக்காமல் சொல்கிறது. 1985இல் வந்த ஜாக்கி சானின் ‘பொலிஸ் ஸ்டோரி’ இளைஞர்களுக்கு மிகவும் பிடித்தது. கடைத்தொகுதியில் மின்குமிழ்கள் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்கியபோது அவருடைய கைகள் உண்மையாகவே வெந்தன என்று சொன்னதும், அந்தக் காட்சியை மீண்டும் போடச் சொன்னார்கள்.

குறைகளையும் பதிவு செய்கிறேன். முந்திய படங்களில் பெண்கள் பெரும்பாலும் மீட்கப்பட வேண்டியவர்களாகவே வருகிறார்கள் என்று பெண் அங்கத்தவர்கள் கூறியது சரியே. அதனாலேயே 1992ஆம் ஆண்டின் ‘சுப்பர் கொப்’ படத்தைச் சேர்த்தோம். நடிகை மிஷெல் யோ மோட்டார் சைக்கிளை ஓடும் புகையிரதத்தின் கூரைமீது பாய்ச்சும் காட்சிக்குக் கிடைத்த கைதட்டலே நம் இவ்வாண்டுத் திரையிடல்களில் மிகப்பெரியது. போதைக்கு அடிமையானவன் மீளும் வழியை இப்படங்களில் எதுவும் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆகவே வருகிற ஆண்டில் ஒவ்வொரு காட்சிக்கும் வைத்தியர் ஒருவரையோ உளவளத்துணையாளர் ஒருவரையோ அழைக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். திரையிடலுக்கு வந்த இளைஞர்களிற் சிலர் ஞாயிறு காலைகளில் அண்ணாவியாரிடம் சீனடி பழகத் தொடங்கியுள்ளனர். அவர்களுக்குக் கம்பு வாங்க வட்டத்தின் நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்கும் பிரேரணையையும் இணைத்து, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை